மலையகத்துப் பிள்ளைகள் வாய் கொப்பளிக்க எந்த இலைத் தண்ணி?

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஏழு வயது மகளிடம் ஒரு துண்டு பச்சை பீட்ரூட்டைக் கொடுத்தேன். நன்றாக மென்று, நாக்கால் பல்லெல்லாம் தடவிவிட்டு, ஒரே ஒரு வாய்த் தண்ணீரில் கொப்பளித்துத் துப்பச் சொன்னேன். பல் சுத்தமாக இருந்த இடங்களில் சாயம் கழுவிப் போய்விட்டது. ஈறு ஓரத்திலும் கடைவாய்ப் பல்லைச் சுற்றியும் ரோஸ் நிறம் அப்படியே நின்றது. அந்தச் சாயத்தைப் பிடித்து வைத்திருப்பதுதான் பற்படலம். எங்கள் பேச்சில் பல் ஊத்தை. அன்று காலையில்தான் "வெளக்கிட்டேம்மா, நல்லா வெளக்கிட்டேன்" என்று சொல்லியிருந்தாள். பொய் சொல்லவில்லை. விளக்கத்தான் செய்திருந்தாள்.

அன்று பின்னேரத்துக்குள் வீட்டில் நாலு யோசனைகள் வந்து சேர்ந்தன. "வேப்பெலைய அவிச்சு கொப்புளிக்க குடு, என்னாத்துக்கு யோசிக்கிற" என்றார் என் அம்மா. கணவர் ஹட்டனுக்குப் போகும்போது பார்மசியில் ஒரு போத்தல் வாங்கி வரலாம் என்றார். பக்கத்து வீட்டு அக்கா தேங்காயெண்ணெய் என்றார். என்னோடு படிப்பிக்கிற ஆசிரியை ஒருவர் திரிபலாதான் நல்லது, சின்ன வயதில் தனக்கு அதுதான் தந்தார்கள் என்றார். நான் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறவள், பல் டொக்டர் இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் முதலாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கும்போது, முன்பற்கள் கறுத்துத் தேய்ந்து குச்சியாக நிற்பதைப் பார்க்கிறவள். பல்வலியில் மேசையில் தலைசாய்த்துக் கிடக்கிற பிள்ளைக்கு அன்றைக்கு எந்த எழுத்தும் ஏறாது. ஆகவே இந்த நாலு யோசனைகளையும் இன்னும் சிலவற்றையும் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தேன். வீட்டில் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்து, இதே கேள்வி உங்களுக்கும் இருந்தால், நான் யோசித்த வழி உதவலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பீலித் தண்ணியில், அதாவது மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக விழுகிற தண்ணியில், குளித்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பீலியில் தண்ணி இராப்பகலாக விழுகிற அந்தக் கல்லில்தான் பாசி கனமாகப் பிடிக்கும். எவ்வளவு தண்ணி விழுந்தாலும் அது போவதில்லை. தென்னந்தும்பை வைத்து அழுத்தித் தேய்த்தால்தான் போகும். பற்படலமும் அந்தப் பாசி மாதிரிதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் சீனியை எடுத்து ஒட்டுகிற பசையொன்றைச் செய்து, அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. எந்த மூலிகைத் தண்ணியும் அந்தப் பசையைக் கரைத்துக் கொண்டுபோகாது. தேய்த்து எடுத்த பிறகு பாசி மறுபடி பிடிக்கிற வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் பிரஷ்ஷுக்குப் பதிலாக ஒரு போத்தலைத் தேடினால், இந்த ஒப்பீட்டில் எதுவுமே தேறாது.

அந்தக் கூட்டம் சீனியைத் தின்று அமிலம் விடுகிறது. வாயின் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எடுக்கும். இதை எங்கள் வீடுகளில் ஒரு நாள் ஓடுகிற விதத்தோடு வைத்துப் பாருங்கள். விடியற்காலையில் சீனி போட்ட தேத்தண்ணி, பாடசாலை இடைவேளையில் பிஸ்கட், மூன்று மணிக்கு மறுபடி தேத்தண்ணியும் பணிஸும், அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் இன்னொரு தேத்தண்ணி, இடையில் கடையில் வாங்குகிற டொபி. உமிழ்நீர் ஒரு தடவை மீள்வதற்குள் அடுத்த சீனி வந்துவிடுகிறது.

எங்கள் மலைத் தண்ணியிலும் ஒரு குறை இருக்கிறது. அனுராதபுரம், பொலன்னறுவை போன்ற வறண்ட பகுதிக் கிணறுகளில் புளோரைட் கூடி, பிள்ளைகளின் பல்லில் பழுப்புத் திட்டு விழுகிறது. மலைநாட்டு ஊற்றுகளிலும் ஓடைகளிலும் நிலைமை நேர்மாறு; புளோரைட் மிகவும் குறைவு. பல்லைத் திடப்படுத்துகிற புளோரைட் எங்களுக்குப் பற்பசையிலிருந்துதான் வர வேண்டும். மூலிகைப் பற்பசை வாங்கினாலும் பெட்டியில் புளோரைட் 1000 முதல் 1500 பிபிஎம் என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். சிலவற்றில் புளோரைட்டே இருப்பதில்லை.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். மருந்துக் கடையிலோ வீட்டிலோ எல்லோரும் முதலில் கேட்பது "எது கிருமியை நல்லாக் கொல்லும்?" என்றுதான். பிள்ளை விஷயத்தில் நான் முதலில் கேட்டது, "இதை விழுங்கிவிட்டால் என்ன ஆகும்?" ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வாயில் வைத்த தண்ணியைத் துப்புகிற கட்டுப்பாடு சரியாக வந்திருக்காது; பல் மருத்துவர்கள் அந்த வயதுக்கு எந்தக் கொப்பளிப்பும் வேண்டாம் என்பது அதனால்தான். ஆறு தாண்டிய பிள்ளைக்கும் ஒரு பரீட்சை வைக்கலாம். இரண்டு தேக்கரண்டி வெறும் தண்ணீர், அதாவது 10 மில்லிலீட்டர், கொடுத்து அரை நிமிடம் கொப்பளித்து ஒரு கிளாஸில் துப்பச் சொல்லுங்கள். துப்பியதை மறுபடி தேக்கரண்டியால் அளந்தால், போனதெல்லாம் திரும்பி வந்ததா என்று தெரிந்துவிடும். என் மகள் முதல் நாள் பாதியை விழுங்கிவிட்டாள். மூன்று நாள் வெறும் தண்ணீரிலேயே பழக்கிய பிறகுதான் மற்றதைப் பற்றி யோசித்தேன்.

என் இரண்டாவது கேள்வி, மாதக் கடைசியிலும் அது வீட்டில் இருக்குமா என்பது. சம்பளம் கையில் வந்த வாரம் வாங்கி, தீர்ந்த பிறகு அடுத்த சம்பளம் வரைக்கும் வெறும் போத்தலாக நிற்கிற எதுவும் பல்லுக்குப் பிரயோசனப்படாது.

முதல் கேள்வியிலேயே தைலங்கள் எல்லாம் விழுந்துவிட்டன. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சளிக்கும் குளிருக்கும் தைலம் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. "ரெண்டு சொட்டு தண்ணியில விட்டுக் கொப்புளிச்சா வாய் மணக்கும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. யூக்கலிப்டஸ் தைலம் ஒரு தேக்கரண்டி அளவு உள்ளே போனாலே சின்னப் பிள்ளைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். வின்டர்கிரீன் தைலம் இன்னும் மோசம்; அதன் ஒரு தேக்கரண்டியில், பெரியவர்கள் போடுகிற அஸ்பிரின் மாத்திரை இருபதுக்கும் மேலானவற்றுக்குச் சமமான பொருள் இருக்கிறது. கராம்புத் தைலம் பல்வலிக்குக் கைமருந்து என்றாலும் பிள்ளை விழுங்கினால் ஈரலைத் தாக்கும். முழுக் கராம்பு இரண்டைத் தண்ணியில் போட்டு அவிப்பது வேறு, வடித்தெடுத்த தைலம் வேறு. செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒன்று சாதுவாகிவிடாது.

தேங்காயெண்ணெயையும் இதே இடத்தில் வைக்கிறேன். அது நஞ்சில்லை. ஆனால் பத்துப் பதினைந்து நிமிடம் எண்ணெயை வாயில் வைத்துச் சுழற்றச் சொன்னால் எந்தப் பிள்ளை செய்யும்? நடுவில் சிரித்தோ இருமியோ எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலில் அழற்சி வரும். பற்படலம் குறைகிறது என்பதற்கான ஆதாரமும் மெலிந்தது. அக்கா அவருடைய வாய்க்குச் செய்யட்டும், பிள்ளைக்கு வேண்டாம்.

வேம்பைத் தள்ளுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அம்மாவுக்கு வேப்பிலை என்றால் மருந்து மட்டுமில்லை, மாரியம்மனும்தான். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதையும் சொல்லிப் பார்த்தார். அந்த வேல் வேப்பமரம் இல்லை, வேலமரம். பழமொழி புகழ்வதும் குச்சியைத்தான், அவித்த தண்ணியை இல்லை. அந்தக் குச்சியை மென்று, தும்பாக்கி, பல்லில் தேய்த்தார்கள். வேப்பிலைச் சாறு பற்படலக் கிருமிகளைக் கட்டுப்படுத்துகிறது என்று காட்டும் ஆய்வுகள் பல உண்டு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரச்சினை இரண்டு. வேம்பு வறண்ட பூமியின் மரம், யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் வீட்டுக்கு வீடு நிற்கும், எங்கள் குளிரில் வராது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கே வேப்பிலை கீழேயிருந்துதான் வந்து சேர்கிறது. மற்றது அதன் கசப்பு. பெரியவர்களே முகம் சுளிக்கிற அந்தத் தண்ணியை ஒரு பிள்ளை தினமும் அரை நிமிடம் வாயில் வைத்திருக்காது. மூன்றாம் நாள் ஓடி ஒளிந்துகொள்ளும். தெரியாமல் ஒரு வாய் விழுங்கிய இலைத் தண்ணியால் பெரிய கெடுதல் வராது. வேப்பெண்ணெய் மட்டும் பிள்ளையின் வாய்க்குள் போகவே கூடாது. மலேசியாவில் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகள் வாந்தியும் வலிப்பும் மயக்கமுமாக, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்ததை 1981இல் லான்செட் மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எண்ணெய வேணான்னுதான் எங்கம்மாவும் சொல்லும்" என்றார்.

உப்புத் தண்ணியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. வாய்ப்புண்ணுக்கும் பல் பிடுங்கிய காயம் ஆறுகிற நாட்களுக்கும் நல்லது. விழுங்கினாலும் பயமில்லை. பற்படலத்தைக் குறைக்கிற சக்தி மற்றவற்றைவிடக் குறைவு. வேறெதுவும் இல்லாத நாளில் இதைச் செய்யலாம். மஞ்சளையும் சேர்த்துக் கேட்டார்கள். இறக்குமதி நிறுத்தப்பட்டு 2020இல் விலை ஏறியபோது கலப்படத் தூள் எவ்வளவு வந்தது என்பது நினைவிருக்கும். நல்ல மஞ்சள் கிடைத்தால் கறியில் போடுவோம்.

திரிபலாவை மரியாதையோடு பார்க்க வேண்டும். பிள்ளைகளிடம் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட மூலிகைக் கொப்பளிப்பு அது. இந்தியாவில் 8 முதல் 12 வயது வரையான 1,400க்கும் மேற்பட்ட பாடசாலைப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்கு 0.6 வீதத் திரிபலா, ஒன்றுக்கு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி 0.1 வீதம் என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. பற்படலத்தையும் ஈறு வீக்கத்தையும் குறைப்பதில் திரிபலா குளோர்ஹெக்சிடினுக்கு ஈடாக நின்றது. குளோர்ஹெக்சிடின்தான் பல் மருத்துவத்தில் மற்றெல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கிற படிக்கல் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

எங்கள் ஊர் மருந்துச் சரக்குக் கடையில் திரிபலா என்று கேட்டால் சில நேரம் விழிப்பார்கள். அரலு, புலு, நெல்லி என்று சிங்களப் பெயரைச் சொன்னால் மூன்றையும் எடுத்துத் தருவார்கள்: கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய். முழுக்காயாக வாங்கி வீட்டில் இடிப்பது நல்லது, திறந்த சாக்கில் கிடக்கிற தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. என்னைத் தயங்க வைத்தது வேறு. திரிபலா மலத்தை இளக்குகிற மருந்து. துப்பப் பழகாத பிள்ளை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினால் வயிறு போகும். கொட்டைப் பாக்கு மென்றது போன்ற துவர்ப்பு வேறு. 10 வயது தாண்டி, சரியாகத் துப்பத் தெரிந்த பிள்ளைக்கு, கடை பக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு, இதைத் தாராளமாகச் சொல்வேன். என் மகளுக்கு இப்போது வேண்டாம்.

கணவர் சொன்ன பார்மசிப் போத்தல்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று குளோர்ஹெக்சிடின். கிருமியைக் கட்டுப்படுத்துவதில் பலமானது, ஆனால் டொக்டர் சொல்லி, சொன்ன நாட்களுக்கு மட்டும் பாவிக்கிற மருந்து அது. நாக்கில் ருசி மாறும், பல்லில் பழுப்புக் கறை ஏறும். கறை ஏறுவதை அதிகப்படுத்துவது எது தெரியுமா? தேத்தண்ணி. ஒரு நாளைக்கு மூன்று தடவை சாயத்தண்ணி குடிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இது மற்ற இடத்துப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் கறுக்கும். மூலிகை என்று படம் போட்ட போத்தல்கள் இரண்டாவது வகை. அவற்றில் சிலவற்றில் அல்கஹோல் இருக்கிறது. பின்பக்கச் சின்ன எழுத்தைப் படிக்காமல் பிள்ளைக்கு வாங்காதீர்கள்.

கொய்யா இலையும் தேயிலையும் மிஞ்சின. இரண்டும் துவர்ப்பு, இரண்டிலும் டானின் வகைப் பொருட்கள், இரண்டும் சும்மா கிடைப்பவை. கொய்யா இலைக்கு ஆதரவாக ஆய்வுகள் உண்டு, 0.15 வீதக் கொய்யா இலைச் சாறு கலந்த கொப்பளிப்பை ஈறு அழற்சி உள்ள பெரியவர்களிடம் சோதித்தபோது நல்ல பலன் தெரிந்தது. கறை பிடிப்பதும் தேயிலையைவிடக் குறைவு. கினிகத்தேனை, கண்டி, மாத்தளை, பதுளைப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு வேலியோரத்திலேயே மரம் நிற்கும். நாலைந்து இளந்தளிரைக் கழுவி ஒரு கிளாஸ் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து வடித்தால் போதும். ருசியும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிற அளவுதான். நுவரெலியா உயரத்துக் குளிரில் கொய்யா சரியாக வராது. எங்கள் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, சுற்றியும் இல்லை.

எங்களைச் சுற்றி இருப்பது தேயிலைதான். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிராகத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த இலையைப் பறித்து உலகத்துக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். அதன் நல்லது எங்கள் பிள்ளைகளின் வாய்க்குச் சீனியோடு சேர்ந்துதான் போகிறது என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். தேயிலையில் உள்ள கேட்டச்சின் என்ற பொருட்கள், பாக்டீரியா சீனியைப் பசையாக மாற்றப் பாவிக்கிற நொதியையே தடுக்கின்றன. பாசி கல்லில் பிடிக்கிற அந்த ஒட்டுத்தன்மையில் கைவைக்கிறது என்று சொல்லலாம். கிரீன் டீயில் இவை அதிகம். இந்தியாவில் பிள்ளைகளிடம் 0.5 வீதக் கிரீன் டீச் சாற்றைக் குளோர்ஹெக்சிடினோடு ஒப்பிட்ட ஆய்வில் உமிழ்நீரிலுள்ள மியூட்டன்ஸ் எண்ணிக்கையைக் கிரீன் டீயும் நன்றாகவே குறைத்தது.

கிரீன் டீக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது தோட்டத்தில் கொடுக்கிற கறுப்புத் தூள். தொழிற்சாலையில் இலையை அரைத்துப் புளிக்க வைக்கும்போது கேட்டச்சினில் பெரும்பகுதி தியாஃப்ளேவின் போன்ற வேறு பொருட்களாக மாறிவிடுகிறது. தேத்தண்ணியின் சிவப்பு அதிலிருந்துதான் வருகிறது. மாறினாலும் வேலை முற்றாகப் போய்விடுவதில்லை. சிக்காகோவிலுள்ள இலினோய் பல்கலைக்கழகத்தில் கறுப்புத் தேநீரால் அரை நிமிடம் வீதம் பல தடவை கொப்பளிக்க வைத்துப் பார்த்தபோது, பற்படலத்தில் பாக்டீரியா வளர்வதும் அமிலம் விடுவதும் தடைப்பட்டதாக 2001இல் அறிவித்தார்கள். கிரீன் டீ கிடைத்தால் அது ஒரு படி மேல். கிடைக்காவிட்டால் டஸ்ட் தேயிலையை வைத்துச் செய்யலாம், செய்யாமல் விடுவதைவிட நிச்சயம் நல்லது. வீட்டுப் பக்கத்துச் செடியில் கொழுந்தைக் கிள்ளி ஆவியில் அவித்துக் காய வைத்துக் கிரீன் டீ செய்யலாம் என்று சொல்கிறார்கள்; செய்யலாம்தான், ஆனால் மருந்தடித்த மலையிலிருந்து ஒரு இலையும் எடுக்காதீர்கள்.

தேயிலையில் புளோரைட் இருக்கிறதே, அதனால் பல்லுக்கு நல்லது என்றும் ஒரு பேச்சு உண்டு. உண்மை, ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு லீட்டர் தேநீரில் சில மில்லிகிராம் மட்டுமே இருக்கும். தினமும் பாவிக்கிற 0.05 வீத சோடியம் புளோரைட் கொப்பளிப்பில் லீட்டருக்கு ஏறத்தாழ 225 மில்லிகிராம். புளோரைட்டுக்காகத் தேயிலையைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. இதே இடத்தில் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மூலிகை ஆய்வுகளில் பெரும்பாலானவை சில வாரங்களே நடந்தவை. அவை அளந்தது கிருமி எண்ணிக்கையை அல்லது படலத்தின் கனத்தை. பிள்ளைக்குச் சூத்தை விழுவது குறைந்ததா என்று வருடக்கணக்கில் பார்த்த சான்று புளோரைட் கொப்பளிப்புக்குத்தான் இருக்கிறது. பாடசாலைகளில் மேற்பார்வையோடு கொடுத்த ஆய்வுகளை 2016இல் கொக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது, நிரந்தரப் பற்களில் சூத்தை பாதிப்பு சராசரியாக 27 வீதம் குறைந்திருந்தது. உங்கள் பாடசாலைக்கு வருகிற பல் சிகிச்சையாளர் அப்படியொரு கொப்பளிப்பையோ புளோரைட் பூச்சையோ பிள்ளைக்குச் செய்யலாமா என்று கேட்டால் சம்மதியுங்கள். இலைத் தண்ணி இருக்கிறதே என்று அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

நான் தேயிலையைத் தேர்ந்தெடுத்தேன். முதல் கேள்வியில் அது தேறிவிட்டது. என் மகள் ஒரு வாய் விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது. இரண்டாவது கேள்வியிலும் அது தேறியது. எங்கள் வீட்டில் அரிசி முடிந்த நாளிலும் தேயிலைத்தூள் முடிந்ததில்லை. அதன் குறைகளையும் தெரிந்துதான் எடுத்தேன். கறை பிடிக்கும். மேலோட்டமான கறைதான், பல் சிகிச்சை நிலையத்தில் சுத்தம் செய்தால் போய்விடும், ஆனாலும் இரண்டு வாரத்துக்கொரு முறை முன்பல்லைப் பார்த்துக்கொள்கிறேன். இதைச் சாக்காக வைத்துப் பிள்ளைக்குத் தேத்தண்ணி குடிக்கக் கொடுப்பதைக் கூட்டக்கூடாது என்பதிலும் கவனமாக இருக்கிறேன். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. எங்கள் பக்கத்தில் இரத்தச்சோகை ஏற்கெனவே அதிகம். இது கொப்பளித்துத் துப்ப மட்டும்.

செய்கிற முறை சுலபம். மட்டமாக ஒரு தேக்கரண்டித் தூளை, நன்றாகக் கொதித்த ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு நாலு நிமிடம் மூடி வைத்து வடிக்க வேண்டும். பீலித் தண்ணியைக் கொதிக்க வைக்காமல் பாவிக்கக்கூடாது. சீனி போட்டால் செய்த வேலையெல்லாம் வீண். பாலும் வேண்டாம், பாலிலுள்ள புரதம் தேயிலையின் பொருட்களைப் பிடித்துக்கொள்ளும். ஆறிய பிறகு இரண்டு தேக்கரண்டி அளந்து, நான் இருபது வரை இரண்டு தடவை எண்ணுகிற நேரத்துக்குக் கொப்பளித்துத் துப்புகிறாள். பிறகு இன்னொரு தடவை. மிச்சத்தை அன்றைக்கே ஊற்றிவிடுகிறேன்.

எந்த நேரம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இரவில் புளோரைட் பற்பசையால் பல் விளக்கியவுடனே கொப்பளித்தால், பல்லில் ஒட்டியிருக்கிற புளோரைட்டையும் கழுவி விடுகிறோம். தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடும், அந்த நேரத்தில் பல்லைக் காப்பது அந்தப் பற்பசைதான். விளக்கி, நுரையைத் துப்பி, அப்படியே படுக்கட்டும். நாங்கள் இலைத் தண்ணிக்கு வைத்திருக்கிற நேரம் பின்னேரம் நாலு மணி, பணிஸும் தேத்தண்ணியும் முடிந்த பிறகு. இரவு வரைக்கும் வேறு இனிப்பு இல்லாத வீடுகளில் அந்த நேரம் சரியாகப் பொருந்தும். காலையில் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கூடுகிற இடத்துக்கு) ஓடுகிற அம்மாக்களிடம் இன்னொரு வேலையைச் செய்யச் சொல்ல எனக்கு மனசில்லை. பின்னேரம் பாட்டிமார் செய்யலாம், பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) வயது தாண்டிய பிள்ளைகளுக்கு அவர்கள்தான் பொறுப்பு.

இரண்டு இடங்களில் எந்தக் கொப்பளிப்பும் போதாது. ஆறு வயதளவில் பால்பல் எதுவும் விழாமலே வரிசைக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். பல பெற்றோர் அதையும் பால்பல் என்று நினைத்து, "விழுந்து மொளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் நிற்க வேண்டிய பல். அதன் மேற்புறப் பள்ளங்களுக்குள் பிரஷ்ஷும் சரியாக நுழையாது, தண்ணியும் நுழையாது. பல் சிகிச்சையாளர் அந்தப் பள்ளங்களைப் பூச்சு வைத்து அடைத்துவிடலாம். ஈறில் சீழ்க்கட்டி, கன்னம் வீக்கம், காய்ச்சலோடு பல்வலி இருந்தால் இலை தேடி ஒரு நாளையும் கழிக்காதீர்கள். பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்துக்கோ பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோங்கள்; அங்கிருந்து தேவைப்பட்டால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். இவை எதற்கும் காசு கேட்பதில்லை. போகிற நாளின் சம்பளம் போய்விடும் என்பதால்தான் எங்கள் ஆட்கள் தள்ளிப்போடுகிறார்கள், எனக்கு அது தெரியும். ஆனாலும் வீங்கிய கன்னத்தை நாளைக்கென்று வைக்க முடியாது.

ஐந்து வாரம் கழித்து மறுபடி பீட்ரூட் பரீட்சை வைத்தேன். முன்பற்களின் ஈறு ஓரம் நன்றாகத் தெளிந்திருந்தது. இடப்பக்கக் கடைவாயிலும் சாயம் மங்கல்தான். வலப்பக்க மேல் கடைவாயில் மட்டும் பழைய ரோஸ் அப்படியே நின்றது. வலக்கையால் பிரஷ் பிடிக்கிற பிள்ளைக்கு அந்தப் பக்கம் மணிக்கட்டு மடங்காது. பிரஷ்ஷைக் கொண்டுபோன மாதிரி காட்டிவிட்டு வந்துவிடுவாள். எட்டு வயது வரைக்கும் பெரியவர் கை சேர வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். இரவில் அந்தப் பக்கத்தை இப்போது நான் விளக்கி விடுகிறேன். நாலு மணித் தேயிலைத் தண்ணியை அம்மா பார்த்துக்கொள்கிறார்.